சரசுவை விட்ட இடம்

கர்ப்பப்பையில் கட்டி, வெட்டி எடுக்க வேண்டும் என்று சொன்னபோது நான் என் சாவைப் பற்றி நினைக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். நினைத்தேன். ஆனால் அந்தப் பயம் ஆஸ்பத்திரி வாசல் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. அதற்குள் சரசு மனதுக்குள் வந்து நின்றுவிட்டாள். பிறகு பட்ட பயமெல்லாம் அவளுக்காகப் பட்டதுதான்.

சரசு என் மகள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பிறந்த கையோடு வலிப்பு வந்து, பேச்சு வராமலே போனது. நடப்பாள். ஆனால் ஊட்டிவிட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், தூரமான நாட்களில் துணி மாற்றிவிட வேண்டும். பேச்சுக்குப் பதில் அவளிடம் ஒரு சத்தம் இருந்தது. பசித்தால் ஒரு சத்தம், குளித்தால் ஒரு சத்தம், சந்தோஷம் வந்துவிட்டால் நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கூவல். "பாக்கியம், ஒன் வீட்டு ரேடியோவ கொஞ்சம் கொறச்சு வையேன்" என்று பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். சத்தம் கேட்கிறவரை எனக்குக் கவலை கிடையாது. அது நின்றால்தான் வலிப்பு வரப்போகிறது என்று கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. சரசுவையும் அங்கேயே ஒரு மூலையில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். அதனால் பதினேழு வருஷத்தில் அவளை ஒரு நாள்கூட இன்னொருவர் கையில் விட்டதில்லை. விட வேண்டியிருக்கும் என்று யோசித்ததும் இல்லை.

எனக்கு மாதம் முழுக்க உதிரம் போய்க்கொண்டிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஒரு நாள் பிள்ளைக்குப் பால் ஆற்றும்போதே கண் இருட்டிக்கொண்டு விழுந்த பிறகுதான் தோட்டத்து டாக்டரையா பதுளைக்கு அனுப்பினார். பதுளையில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்கள், விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். உடம்பில் இரத்தமே இல்லை, முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும், பிறகு கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், எடுத்ததில் ஒரு துண்டைக் கொழும்புக்கு அனுப்பி அது புற்றுநோய்க் கட்டியா சாதாரணக் கட்டியா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். நாள் குறித்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ராமையாவும் கூட வந்தார். இறங்குகிற இடத்தில் சொன்னார்.

"சரசுவ நான் பாத்துக்குறேன் புள்ள. நீ பயப்படாத."

"வயசுக்கு வந்த புள்ளைக்கு நீங்க குளிப்பாட்டி விடுவீங்களா? துணி மாத்திவிடுவீங்களா?" என்றேன்.

பாவம், தலையைக் குனிந்துகொண்டார். என் கூடப்பிறந்த தங்கை இருந்திருந்தால் அவளிடம் விட்டிருப்பேன். அவள் குடும்பம் ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தில் பேர் பதிந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டது. எங்கள் லயத்தில் பாதிக் காம்பரா அப்படித்தான் பூட்டிக் கிடந்தது. மிச்சம் இருந்தவர்கள் விடிந்தால் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், பொழுதுக்கும் மலையில் வேலையில் நிற்பவர்கள். யாரை நான் கேட்பது?

டாக்டரையாதான் வழி சொன்னார். பண்டாரவளைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு விடுதி இருக்கிறது, சரசு மாதிரிப் பெண்பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் வைத்துக்கொள்வார்கள் என்றார். முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பிள்ளை பார்க்கிற இடத்தில் எது எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கா தெரியாது? அந்தத் திமிரோடுதான் போனேன்.

அக்னெஸ் சிஸ்டர் என்று ஒரு வயதான யாழ்ப்பாணத்து அம்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் மெத்தையை மோந்து பார்த்தேன். பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தேன், தலையைப் பிரித்து ஈர் இருக்கிறதா என்று பார்த்தேன். குளிக்கிற இடத்தில் பாசி இருக்கிறதா என்று காலால் தேய்த்துக்கூடப் பார்த்தேன். சிஸ்டர் கோபப்படவில்லை. "வடிவாய்ப் பாருங்கோ. பாக்காமல் விட்டிட்டுப் போற ஆக்கள்தான் எனக்குப் பயம்" என்றார். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்தது. பிள்ளைகள் வரிசையாக வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அழுகை இல்லை, ஒரு கூச்சல் இல்லை. என் பிள்ளைக்காம்பரா சந்தைக்கடை மாதிரி இருக்கும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"எம் மக சத்தம் போடுவாங்க சிஸ்டரம்மா" என்றேன், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

"போடட்டுமேன். பழகினால் அடங்கி வந்திடும்" என்றார்.

அடுத்த வாரம் சரசுவைக் கொண்டுபோனோம். அவள் என்ன மருந்து குடிக்கிறாள் என்று சிஸ்டர் கேட்டார். இங்கேதான் ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் இரண்டு மருந்து உண்டு. ஒன்று தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து. இன்னொன்று டவுன் டாக்டரிடம் கடன்பட்டாவது வாங்குகிற மருந்து. ஒருவர் மருந்தை மற்றவருக்குக் காட்ட மாட்டோம். காட்டினால் தோட்டத்து டாக்டரையா, "அப்ப அங்கேயே போய்க்க" என்று விரட்டுவார். டவுன் டாக்டர், "அதக் குடிக்கிறன்னா இங்க ஏன் வந்த?" என்பார். சரசுவுக்கும் அப்படித்தான். தோட்டத்து வெள்ளைக் குளிசை, அந்த மாத்திரை தினம் ராத்திரி ஒன்று. டவுன் டாக்டர் கொடுத்த சிவப்புத் தண்ணீர் மருந்து, வலிப்பு வரும்போல இருக்கிற நாளில் மட்டும் ஒரு கரண்டி. அது நானாகப் போட்ட கணக்கு.

சிஸ்டர் கேட்டதும் நான் சிவப்புப் போத்தலை எடுத்து நீட்டினேன். டவுன் டாக்டர் மருந்து என்றால் ஒரு மதிப்புத்தானே. "போத்தலில எழுதியிருக்கிற மாதிரியே மூண்டு நேரமும் குடுக்கிறன், யோசியாதேங்கோ" என்றார். நான் எப்போதாவதுதான் கொடுப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் சொன்னபடி கொடுக்காத தாய் என்று நினைத்துவிடுவாரோ என்று, "சரிங்க" என்றேன். பிறகு சமையல் நடக்கிற குசினிப் பக்கம் போய், அங்கே வேலை செய்த ரோசம்மா என்ற ஆயாவைத் தனியே கூப்பிட்டுக் குளிசைப் பொட்டலத்தைக் கையில் வைத்தேன். அவள் பூனாகலைத் தோட்டத்துக்காரி, நம்ம ஆள். பெரியவர்களிடம் சொல்லத் தயங்குவதை நம்ம ஆளிடம் சொல்லிக் காரியம் முடிப்பதுதான் எங்களுக்குப் பழக்கம்.

"ராத்திரி ஒண்ணு. மறந்துறாதீங்க தங்கச்சி."

"எம் புள்ள மாதிரி பாத்துக்குறேன் அக்கா. நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள்.

நாங்கள் கேட்டைத் தாண்டும்போது சரசு கூவினாள். அந்தச் சத்தம் ரோட்டு வளைவு வரைக்கும் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் ஆப்பரேஷனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

பதுளை ஆஸ்பத்திரி வார்ட்டில் எனக்கு அடுத்த கட்டில் ஸித்தி உம்மாவுக்கு. பதுளை டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மனைவி. எனக்கு இரண்டு போத்தல் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது, யாருடைய இரத்தமோ என்று நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். "பாக்காதீங்க புள்ள. ஒடம்புக்குள்ள போனாப் பொறகு அது ஒங்கட ரத்தந்தான்" என்றார் உம்மா. அவர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தால் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றாமல் குடிக்க மாட்டார். ஆனால் எத்தனை பேர் எத்தனை அன்பாக இருந்தாலும் அந்த வார்ட்டில் எனக்குப் பயம் போகவே இல்லை. டாக்டர் சிங்களத்தில் பேசுவார். நர்ஸ்மாரிடம் பேசும்போது இங்கிலீஷ் கலந்துவிடும். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பற்றியே பேசுவார்கள், எனக்குப் பாதி விளங்காது. விளங்காத பாதியில்தான் என் சாவு இருக்கிறது என்று தோன்றும்.

ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோகும்போது முகத்தில் ஒரு ரப்பர் மூடியை வைத்தார்கள். ஏதோ வாடை வந்தது. சரசுவுக்குத் தலை வாரிவிடும்போது இடது பக்கம் இழுத்தால் வலிக்கும் என்று ரோசம்மாவிடம் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது வயிற்றுக்குள் நெருப்பு. மறுநாள் ராமையா வந்தார். நான் கேட்ட முதல் கேள்வி சரசு.

"போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன். நல்லா இருக்கா புள்ள. சத்தமே இல்ல. சிஸ்டரம்மா ரொம்பப் பெருமையா சொன்னாங்க."

"சத்தமே இல்லையா?"

"பழகிட்டா. வாங்குல மத்த புள்ளைங்களோட அப்படியே ஒக்காந்திருக்கா."

சரசுவாவது சத்தம் போடாமல் இருப்பதாவது? உம்மாவிடம் சொன்னேன். "புது எடம் புள்ள. கூச்சமா இருக்கும்" என்றார். நர்ஸிடம் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன், நீ முதலில் தேறிக்கொள் என்றாள். எல்லோரும் சொல்லச் சொல்ல, நானும் அதையே நம்பிவிட ஆசைப்பட்டேன். எழுந்து உட்காரவே முடியாதவள் வேறு என்ன செய்வது?

அடுத்த நாள் காலையில் பெரிய டாக்டர் வருகிறார் என்றார்கள். உடனே வார்ட்டே மாறியது. போர்வைகளை இழுத்துச் சொருகினார்கள், கட்டிலடியில் கிடந்த பைகளை ஒளித்தார்கள், பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். இருமிக்கொண்டிருந்த கிழவிகூட இருமலை அடக்கிக்கொண்டாள். டாக்டர் ஒவ்வொரு கட்டிலாக வந்தார். எனக்குத் தமிழில் சொல்ல லீலா என்கிற சிங்கள அட்டெண்டன்ட் கூட நின்றாள்.

"வலி இருக்கா கேக்கிறாரு" என்றாள்.

உயிர் போகிற வலி. ராத்திரி முழுக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வாயைத் திறந்தேன். "இல்லைங்க ஐயா, நல்லா இருக்குங்க" என்றேன்.

டாக்டர் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் சுற்றிலும் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் வரிசையாக, சுத்தமாக, வாய் மூடிக் கிடந்தோம். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு நல்ல வார்ட்டாக இருந்திருக்கும்! எங்கள் பிள்ளைக்காம்பராவுக்குத் தோட்டத்துத் துரையின் பெண்சாதி துரையம்மா வருகிறாள் என்றால் நான் மட்டும் என்ன செய்தேன்? சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகள் வாயில் ஆளுக்கொரு பிஸ்கட்டைத் திணித்து உட்கார வைத்தவள்தானே நான். அந்த நான்தான் விடுதிக்குப் போய் நகத்தைப் பார்த்தேன், பாசியைப் பார்த்தேன், அந்தப் பிள்ளைகள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வந்தேன். வலிக்குது என்று சொல்ல வாய் இருக்கிற எனக்கே சொல்ல வரவில்லை. வாயே இல்லாதவளை அங்கே விட்டிருக்கிறேன்.

ராமையா வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பவே போங்க. வர்றேன்னு சொல்லாம போங்க. அவ சத்தத்த காதால கேக்காம திரும்பி வராதீங்க" என்றேன். அவர் மனுஷன் யாரையும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டறியாதவர். என்றாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த கால் ஆறாமல் பண்டாரவளை பஸ்ஸுக்கு ஓடினார்.

பின்நேரம் திரும்பி வந்தவரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தூங்குறா புள்ள. பகல்லயும் தூங்குறா. தட்டித் தட்டி எழுப்பினோம். கண்ணத் தொறந்தா, திரும்பச் செருகிக்கிட்டா. வாயில எச்சி ஒழுகுது. சோறும் சரியா எறங்கலயாம்."

"மருந்து கொடுக்குறாங்களா?"

"அதெல்லாம் ஒரு கொறையும் இல்ல. சிஸ்டரம்மா மூணு நேரமும் போத்தல் மருந்து கொடுக்குறாங்க. ராத்திரிக்கு குளுச கொடுக்குறேன்னு குசினியில ரோசம்மா சொல்லுச்சு. ரெண்டு பேருமே ஒரு வேள தவறவிடலயாம்."

இரண்டு மருந்தும் வலிப்பை அடக்குகிற மருந்து. வலிப்பை அடக்குகிற மருந்து மூளையையும் தூங்கவைக்கும், கூடிவிட்டால் மூச்சையே மந்தமாக்கிவிடும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் எப்போதோ ஒரு கரண்டி கொடுத்ததை அவர்கள் தினம் மூன்று வேளை கொடுக்கிறார்கள், அதற்கு மேலே குளிசையும் போகிறது என்பது மட்டும் விளங்கியது. ஒருத்தி கொடுப்பது மற்றவளுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தவள் நான்.

கத்தினேன். அந்த வார்ட்டில் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். லீலா ஓடி வந்தாள், நர்ஸ் ஓடி வந்தாள், தையல் பிரிந்துவிடும் என்று இரண்டு பேரும் தோளை அமுக்கினார்கள். "எம் புள்ளைக்கு ரெண்டு மருந்து போகுது, டாக்டர கூப்பிடுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஸித்தி உம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எனக்காகச் சிங்களத்தில் கத்தினார். கடைக்காரர் வீட்டு அம்மா அல்லவா, அவர் சிங்களம் என்னுடையதைவிட நன்றாகப் போய்ச் சேர்ந்தது. சின்ன டாக்டர் ஒருவர் வந்து முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. விடுதிக்கு டெலிபோன் போடச் சொன்னார்.

அன்று இருட்டுவதற்குள் விடுதியின் வேனிலேயே சரசுவைப் பதுளைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. விடிந்ததும் லீலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைக் கையால் தாங்கியபடி அவளை வைத்திருந்த கீழ்மாடி வார்ட்டுக்குப் போனேன். சரசு கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அக்னெஸ் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். வந்தது முதல் எழுந்து போகவில்லையாம். நான் அவரைத் திட்டவேண்டும் என்றுதான் போனேன். அதற்கு முன்னே அவர் பேசிவிட்டார்.

"பாக்கியம், போத்தல் மருந்து குடுத்தது நான். பிள்ளை அமைதியாய் இருக்கிறா எண்டு சந்தோசப்பட்டதும் நான்தான். ரோசம்மாவில பிழை சொல்லாதேங்கோ. ஏன் இப்பிடிக் கிடக்கிறா எண்டு நான் கேட்டிருக்க வேணும்."

"நாந்தான் சிஸ்டரம்மா சொல்லாம கொடுத்தேன்" என்றேன்.

பிறகு இரண்டு பேருமாக சரசுவின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா வராதா என்று இருந்தது. மருந்து உடம்பை விட்டு இறங்க நாள் எடுக்கும் என்றார்கள். எடுத்தது. பிறகு ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில், அந்த வார்ட்டின் கூரை அதிர்கிற மாதிரி ஒரு கூவல். நான் மேல்மாடியில் என் கட்டிலில் இருந்தேன். உம்மா, "யா அல்லாஹ், அது என்ன சத்தம்?" என்றார். "எம் மகங்க" என்று சொல்லிவிட்டு அழுதேன், சிரித்தேன். சிரித்தால் தையல் இழுத்தது. பரவாயில்லை என்று சிரித்தேன்.

கொழும்பிலிருந்து முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. அந்த வாரங்களில் பட்ட பயத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசியில் சாதாரணக் கட்டிதான் என்று வந்தது. ராமையா கதிர்காம முருகனுக்கு நேர்ந்திருந்ததைச் செலுத்தினார். எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. இந்தத் தடவை தப்பினேன், சரி. அடுத்த தடவை?

நன்றாக நடக்க ஆரம்பித்ததும் சிஸ்டரிடம் போனேன். நேராகவே கேட்டேன்.

"நான் செத்துப்போனா எம் புள்ளைய வச்சுக்குவீங்களா சிஸ்டரம்மா?"

"நான் இருக்குமட்டும் வைச்சிருப்பன். எனக்கு உங்களை விட வயசு கூட பாக்கியம்" என்றார். மழுப்பாமல் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு இன்னும் பயமாகத்தான் போனது. ஆனால் பொய் சொல்லாத ஆள் என்று தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து ஒரு முடிவு செய்தோம். எனக்கு நோய் வருகிறவரை காத்திராமல், நான் நன்றாக இருக்கும்போதே மாதத்தில் நாலைந்து நாள் சரசுவை அங்கே விடுவது. அவள் பசிச் சத்தம் எது, வலிச் சத்தம் எது, எந்தப் பக்கம் தலை வாரினால் இழுக்கும் என்று அங்கே இருக்கிற எல்லோரும், சிஸ்டர் மட்டுமல்ல, புதிதாக வேலைக்கு வந்த இளவயசு ஆயாமாரும் பழகிக்கொள்ளட்டும் என்று. மருந்து இப்போது ஒன்றே ஒன்று. இரண்டு டாக்டர்களிடமும் திட்டு வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டேன். நான் எப்போது வருவேன் என்று விடுதிக்குச் சொல்ல மாட்டேன். திடீரென்று போய் நிற்பேன். முதலில் கேட்டில் நின்று காது கொடுப்பேன். வாங்கில் வரிசையாக உட்கார வைக்கிற பழக்கமும் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. இப்போது அந்த இடமும் சந்தைக்கடைதான்.

போன மாதம் அப்படித்தான் ஒரு நாள் முந்தியே போய்விட்டேன். பிள்ளைகள் முற்றத்தில் இருந்தார்கள். ரோசம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சரசு ஒவ்வொரு துணியாக எடுத்து நீட்டினாள். என்னிடம் அவள் ஒரு துணிகூட எடுத்துத் தந்ததில்லை, நான் தரச் சொன்னதும் இல்லை. என்னைக் கண்டதும் கூவினாள், ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்தேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். ரோசம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, ஈரத் துணிக் கூடையைக் காட்டி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பசிச் சத்தம் இல்லை, வலிச் சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ரோசம்மாதான் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

"வேல முடியலன்னு சொல்றா அக்கா. தெனமும் இப்படித்தான். முடிக்காம வரமாட்டா."

இத்தனை வருஷம் என்னைத் தவிர யாருக்கும் இவளைத் தெரியாது என்று பயந்து செத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது என் மகள் சொன்னதை இன்னொருத்தி எனக்கு விளக்கிச் சொல்கிறாள்.

"நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்தேன்.